28 வயது வரை காத்திருந்த கோல்கீப்பர்: டொமினிக் ஹாஷெக்கின் ஆட்ட வாழ்க்கை

நீலக்கோடு:

ஐஸ் ஹாக்கி கோல்கீப்பர் என்று பேச்செடுத்தால் பேட்ரிக் ராய், மார்ட்டின் புரோடூர் இருவர் பெயரும் உடனே வந்துவிடும். டொமினிக் ஹாஷெக் என்று சொன்னால், "ஓ, பனியில் உருண்டு புரள்வாரே, அவரா?" என்று கேட்டுவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விடுகிறார்கள். என்னைக் கேட்டால் வலைக்கு முன்னால் நின்றவர்களிலேயே அவர்தான் உச்சம். ஆனால் அதை நிரூபிக்க இந்த இழையைத் தொடங்கவில்லை. அவருடைய ஆட்ட வாழ்க்கை நகர்ந்த விதத்தைப் பற்றிப் பேச வேண்டும்.

பிறந்தது 1965 ஜனவரி 29, செக்கோஸ்லோவாக்கியாவின் பார்துபிட்சே நகரில். வட அமெரிக்காவின் முதன்மை லீகான என்.எச்.எல்.லில், அணிகள் புதிய ஆட்டக்காரர்களை முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் 1983 டிராஃப்டில் சிகாகோ பிளாக்ஹாக்ஸ் அவரை 10ஆவது சுற்றில், 199ஆவது ஆளாக எடுத்தது. 1990இல்தான் அமெரிக்கா போய்ச் சேர்ந்தார். அங்கே எட் பெல்ஃபோர் இருந்தார். 1990-91 பருவத்தில் சிறந்த புதுமுகத்துக்கான கால்டர் விருதையும் சிறந்த கோல்கீப்பருக்கான வெசினா விருதையும் சேர்த்தே வாங்கியவர் பெல்ஃபோர். அப்படிப்பட்டவர் நிற்கிற வலையில் இன்னொருவருக்கு எங்கே இடம்? ஹாஷெக்கை இண்டியானாபொலிஸ் ஐஸ் என்ற கீழ்நிலை லீக் அணிக்கு அனுப்பினார்கள். இரண்டு பருவங்களில் சிகாகோவுக்காக அவர் ஆடியது மொத்தமே 25 ஆட்டங்கள்.

1992 ஆகஸ்டில் பஃபலோ சேபர்ஸ் அவரை டிரேடில் வாங்கியது. பதிலுக்குக் கொடுத்தது ஸ்டெஃபான் பூரகார்ட் என்ற கோல்கீப்பரையும் ஒரு டிராஃப்ட் வாய்ப்பையும். அங்கேயும் கதவு திறக்கவில்லை. எட்மன்டனில் கோப்பைகளைக் குவித்த கிராண்ட் ஃபியூர் சில மாதங்களில் அதே அணிக்கு வந்து சேர்ந்தார். 1993-94இல் ஃபியூருக்குக் காயம் பட்ட பிறகுதான் வலை ஹாஷெக்கின் கைக்கு வந்தது. அப்போது வயது 28.

அந்தப் பருவத்தில் ஆட்டத்துக்குச் சராசரியாக அவர் விட்ட கோல் 1.95. 1973-74இல் பெர்னி பேரன்டுக்குப் பிறகு யாரும் 2க்குக் கீழே போனதில்லை. முதல் வெசினா அப்போது கிடைத்தது. பிறகு 1995, 1997, 1998, 1999, 2001 என்று மொத்தம் ஆறு. லீகின் மிக மதிப்புமிக்க ஆட்டக்காரருக்கான ஹார்ட் விருது 1997, 1998 இரண்டு ஆண்டும் அவருக்கே. அதற்கு முன்னால் ஒரு கோல்கீப்பர் ஹார்ட் வாங்கியது 1962இல், ஜாக் பிளான்ட். அதை இரண்டு முறை வாங்கிய கோல்கீப்பர் ஹாஷெக் மட்டும்தான்.

இவ்வளவு திறமையும் 28 வயதில் திடீரென்று முளைத்திருக்காது. அதற்கு முன்பும் அது அவரிடம் இருந்தது, நிற்கத்தான் இடம் இல்லை. கோல்கீப்பருக்குத் திறமையும் வாய்ப்பும் இவ்வளவு விலகி நிற்பதைப் போல வேறு எந்த ஆட்டக்காரருக்கும் நடப்பதில்லை என்று நினைக்கிறேன். உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

புதுரசிகை:

நான் இந்த ஆட்டத்தைப் பார்க்கத் தொடங்கி அதிக நாள் ஆகவில்லை, அதனால் அடிப்படைக் கேள்வி. முன்வரிசை ஆட்டக்காரர்களை நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றிக்கொண்டே இருக்கிறார்களே. இரண்டு நல்ல கோல்கீப்பர்கள் இருந்தால் இவர்களையும் அப்படி மாறி மாறி இறக்கினால் என்ன?

வலைமுன்:

நல்ல கேள்வி. ஒரு ஆட்டத்துக்கு 12 முன்வரிசைக்காரர்கள், 6 தடுப்பாட்டக்காரர்கள், 2 கோல்கீப்பர்கள் உடை மாற்றி வருவார்கள். முதல் 18 பேரும் ஆடுவார்கள். கோல்கீப்பர் இரண்டு பேரில் ஒருவர் 60 நிமிடமும் நிற்பார், மற்றவர் தொப்பி போட்டுக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். இளம் முன்வரிசைக்காரர் ஒருவரைப் பயிற்சியாளர் நான்காவது வரிசையில் ஏழெட்டு நிமிடம் இறக்கிப் பார்க்கலாம். அவர் தப்பு செய்தால் பின்னால் தடுப்பாட்டக்காரர் இருக்கிறார், அவரும் விட்டால் கோல்கீப்பர் இருக்கிறார். கோல்கீப்பர் தப்பு செய்தால் கோல்தான், சிவப்பு விளக்கு எரிந்துவிடும். அதனால்தான் சோதித்துப் பார்க்கவே பயப்படுகிறார்கள்.

நடுவில் மாற்றாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. கோல்கீப்பர் பக்கின் (ஆடுகிற ரப்பர் வட்டு) வேகத்துக்குக் கண்ணைப் பழக்கிக்கொள்ள நேரம் எடுக்கும். மணிக்கு 150 கிலோமீட்டருக்கு மேல் வரும் ஷாட்டை, நடுவில் நாலு பேர் மறைத்துக்கொண்டு நிற்கும்போது கண்டுபிடித்துத் தடுக்க வேண்டும். குளிர்ந்த உடம்போடு பெஞ்சிலிருந்து எழுந்து போய் அதைச் செய்வது மிகக் கடினம். 1992இல் என்.எச்.எல். சாம்பியனுக்கான ஸ்டான்லி கோப்பை இறுதியின் 4ஆவது ஆட்டத்தில் ஹாஷெக்குக்கு அதுதான் நடந்தது. பெல்ஃபோர் தொடக்கத்திலேயே கோல் விட, அவரை வெளியே எடுத்துவிட்டு இவரை இறக்கினார்கள். எதிரே மாரியோ லெமியூவின் பிட்ஸ்பர்க். சிகாகோ 6-5 என்று தோற்று, தொடரும் அத்தோடு முடிந்தது. அப்படியும் அன்று அவர் ஆடிய ஆட்டத்தைப் பார்த்தவர்கள், இவர் ஏன் இவ்வளவு நாள் பெஞ்சில் இருந்தார் என்றுதான் கேட்டிருப்பார்கள்.

பழைய காலத்தில் நிலைமை இன்னும் மோசம். கிளென் ஹால் தொடர்ந்து 502 ஆட்டங்கள் ஆடியவர். அவருக்குப் பின்னால் காத்திருந்தவர்களை நினைத்துப் பாருங்கள். இப்போது ஒரு பருவத்தின் ஆட்டங்களை இரண்டு பேருக்கும் ஓரளவு பிரித்துக் கொடுக்கிறார்கள். நல்ல மாற்றம் அது.

பெனால்டிபெட்டி:

நண்பர் நீலக்கோடு இழைக்கு வைத்த தலைப்பே எனக்கு உடன்பாடில்லை. 28 வயது வரை காத்திருந்தார் என்றால் என்ன பொருள்? என்.எச்.எல். தவிர வேறு எங்கும் ஹாக்கியே கிடையாது என்றா?

ஹாஷெக் பார்துபிட்சேயின் முதல் அணிக்கு ஆட வந்தபோது வயது 16. 1987, 1989 இரண்டு ஆண்டும் அந்த அணி செக்கோஸ்லோவாக்கிய சாம்பியன். நாட்டின் சிறந்த ஹாக்கி வீரருக்கான தங்க ஹாக்கி ஸ்டிக் விருதை 1987, 1989, 1990 என்று மூன்று முறை வாங்கியிருக்கிறார். சிறந்த கோல்கீப்பர் விருது இல்லை, சிறந்த வீரர் விருது. 1987 கனடா கோப்பையில் நாட்டு அணிக்காகவும் ஆடினார். இதையெல்லாம் காத்திருப்பு என்று எழுதினால் அந்த லீகில் ஆடிய எல்லோரையும் குறைத்துச் சொல்வதாகிவிடும்.

1983இல் 199ஆவது ஆளாக எடுத்ததற்கும் திறமைக்கும் சம்பந்தமில்லை. அன்றைய அரசாங்கம் ஆட்டக்காரர்களை எளிதில் வெளியே விடாது. ஸ்டாஸ்ட்னி சகோதரர்களைப் போல நாட்டைவிட்டுத் தப்பிப் போனால்தான் உண்டு. அதனால் செக்கோஸ்லோவாக்கிய ஆட்டக்காரர்களை "வந்தால் வரட்டும்" என்று கடைசிச் சுற்றுகளில் எடுத்து வைப்பார்கள். ஹாஷெக் தப்பிப் போகவில்லை. பல்கலைக்கழகத்தில் படித்தார், யிஹ்லாவா ராணுவ அணியில் சேவைக் காலத்தை முடித்தார், 1989 நவம்பரில் ஆட்சி மாறிய பிறகு, 1990இல் கிளம்பினார். அவர் இழந்ததற்குக் காரணம் பெஞ்ச் என்பதைவிட எல்லைக்கோடு என்பதுதான் சரி.

நீலக்கோடு:

பார்துபிட்சே ஆண்டுகளை இவ்வளவு விரிவாக எழுதியதற்கு நன்றி, இந்த இழைக்கு அது அவசியம். ஆனால் அதே தகவல்தான் என் பக்கத்துக்கும் பலம். ஒரு நாட்டின் சிறந்த வீரர் என்று மூன்று முறை பெயர் வாங்கிய ஆள் 25 வயதில் கடல் தாண்டி வருகிறார். வந்தவரை இண்டியானாபொலிஸுக்கு அனுப்புகிறார்கள். எல்லைக்கோட்டைத் தாண்டிய பிறகும் மூன்று ஆண்டு போய்விட்டதே. அதே காலத்தில் அதே திறமையோடு ஒரு முன்வரிசைக்காரர் வந்திருந்தால் முதல் மாதமே ஆடியிருப்பார். அவருடைய நாட்டுக்காரர் யாரோமிர் யாகர் அதே 1990இல் பிட்ஸ்பர்குக்கு வந்தார், 18 வயதில் முதல் பருவத்திலேயே தொடர்ந்து ஆடினார், கோப்பையும் வென்றார்.

மூன்றாம்பீரியட்:

இடம் இல்லை, எல்லைக்கோடு, இரண்டும் சரிதான். மூன்றாவதாக ஒன்றை யாரும் சொல்லவில்லை. அவர் ஆடும் முறையைப் பார்த்துப் பயிற்சியாளர்கள் நம்பவில்லை.

அந்தக் காலத்தில் ராயின் வழியாகப் பட்டர்ஃப்ளை முறை பரவிக்கொண்டிருந்தது. முழங்காலை இறக்கி, கால் பேடுகளை இரண்டு பக்கமும் விரித்து, வலையின் கீழ்ப்பகுதியை அடைத்துவிடுவது. முன்கூட்டியே சரியான இடத்தில் நின்றுவிட்டால் பக் தானாக வந்து உடம்பில் படும். அழகான முறை, சொல்லிக்கொடுக்கவும் எளிது. ஹாஷெக்கை அந்தக் கட்டத்துக்குள் அடைக்க முடியாது. மல்லாந்து படுத்து காலை மேலே தூக்குவார். வலையைவிட்டு வெளியே பாய்ந்து, வருகிற ஆட்டக்காரரின் காலடியில் முழு உடம்பையும் கிடத்துவார். கையிலிருக்கும் ஸ்டிக்கைத் தானே கீழே போட்டுவிட்டு ஸ்டிக் பிடிக்கும் பிளாக்கர் கையால் பக்கை எடுப்பார். ஸ்டிக்கை விடாதே என்பதுதான் கோல்கீப்பருக்குச் சொல்லிக்கொடுக்கும் முதல் பாடம்.

பார்க்க ஒழுங்கற்றதாகத் தெரிந்தாலும் அதில் கணக்கு இருந்தது என்பது என் உறுதியான எண்ணம். அருகிலிருந்து வரும் பெரும்பாலான கோல்கள் பனியை ஒட்டித்தான் போகின்றன. அவர் அந்தக் கீழ்ப்பகுதியை முழுதாக மூடிவிட்டு, பக்கை உயரத் தூக்கினால்தான் கோல் என்ற நிலையை உண்டாக்கினார். நெருக்கத்தில், அவசரத்தில் பக்கைத் தூக்குவது எல்லோராலும் முடிகிற காரியமில்லை. தூக்கினாலும் காலோ கையோ வந்துவிடும். அவருடைய உடம்பு வளையும் விதம் அப்படி. அதோடு, கோல் அடிப்பவர் ஒரு கோல்கீப்பர் இப்படித்தான் அசைவார் என்று எதிர்பார்த்து அடிக்கிறார். ஹாஷெக் முன்னால் அந்த எதிர்பார்ப்பு செல்லுபடியாகவில்லை.

இதை மூன்று ஆட்டத்தில் பார்த்தால் அதிர்ஷ்டம் என்று தோன்றும். 60 ஆட்டத்தில் பார்த்தால்தான் திறமை என்று புரியும். மாற்றுக் கோல்கீப்பருக்கு அந்த 60 ஆட்டம் யார் கொடுப்பார்கள்?

வலைமுன்:

மூன்றாம்பீரியட் சொன்ன கடைசி வரிதான் விஷயமே. இதே கதை டிம் தாமஸுக்கும் நடந்தது. அவரும் முறைப்படி ஆடாதவர், உருண்டு புரண்டு தடுப்பவர். 1994இல் கியூபெக் 217ஆவது ஆளாக எடுத்தது. கீழ்நிலை லீகுகள், பின்லாந்து, ஸ்வீடன் என்று சுற்றிவிட்டு பாஸ்டனில் நிலையான இடம் பிடித்தபோது வயது 31. 2011இல் 37 வயதில் ஸ்டான்லி கோப்பை, கோப்பைக்கான பிளேஆஃப் சுற்றுகளின் சிறந்த வீரருக்கான கான் ஸ்மைத் விருது. அந்தப் பருவத்தில் அவருடைய சேவ் சதவீதம், அதாவது வந்த ஷாட்களில் தடுத்தவற்றின் பங்கு, .938. அவர் முறியடித்தது யாருடைய சாதனையைத் தெரியுமா? ஹாஷெக் 1998-99இல் வைத்திருந்த .937ஐ.

மறுபக்கம் புரோடூர். 21 வயதில் நியூ ஜெர்சியின் வலையைப் பிடித்தவர் 1,266 ஆட்டம் ஆடி 691 வெற்றியோடு ஓய்வு பெற்றார். ஹாஷெக்குக்கு 735 ஆட்டம், 389 வெற்றி. மொத்தக் கணக்கை வைத்து ஒப்பிட்டால் ஹாஷெக் எப்போதும் தோற்பார். 

இவர்கள் இருவரும் எதிரெதிரே நின்ற ஆட்டம் ஒன்று உண்டு. 1994 ஏப்ரல் 27, பிளேஆஃப் முதல் சுற்றின் 6ஆவது ஆட்டம், பஃபலோவில். 60 நிமிடத்தில் கோல் இல்லை. கூடுதல் நேரம் ஒன்று, இரண்டு, மூன்று, அப்போதும் இல்லை. நான்காவது கூடுதல் நேரத்தின் 6ஆவது நிமிடத்தில் டேவ் ஹேனன் அடித்த கோலில் பஃபலோ 1-0 என்று வென்றது. ஹாஷெக் 70 ஷாட்டையும் தடுத்தார். புரோடூர் 50இல் 49ஐத் தடுத்துவிட்டுத் தோற்றார். 7ஆவது ஆட்டத்தில் நியூ ஜெர்சி வென்று மேலே போனது, அது வேறு. ஒருவருக்கு 29 வயது, ஒருவருக்கு 21. இரண்டு பேருக்கும் அது ஏறக்குறைய ஒரே கட்டம், தொடக்கம்.

புதுரசிகை:

70 ஷாட்டா! ஒரு சாதாரண ஆட்டத்தில் 30 வந்தாலே அதிகம் போலத் தெரிகிறதே. சரி, நாகானோ ஒலிம்பிக் பற்றி எல்லோரும் சொல்கிறார்கள். அங்கே என்ன நடந்தது?

பெனால்டிபெட்டி:

இதை எழுத எனக்கு வாய்ப்புக் கொடுத்ததற்கு நன்றி.

1998 நாகானோவில்தான் என்.எச்.எல். தன் லீகை நிறுத்திவிட்டு ஆட்டக்காரர்களை முதன்முறையாக ஒலிம்பிக்குக்கு அனுப்பியது. கனடாவிலும் அமெரிக்காவிலும் நட்சத்திரங்கள் நிரம்பி வழிந்தார்கள். செக் அணியில் பாதிப் பேர் ஐரோப்பிய லீகுகளில் ஆடியவர்கள். காலிறுதியில் அமெரிக்காவை 4-1 என்று அனுப்பி வைத்தார்கள். அரையிறுதி கனடாவோடு. எதிர் வலையில் பேட்ரிக் ராய். யிர்ஷி ஷ்லேகர் அடித்த கோலில் செக் முன்னிலை. ஒரு நிமிடம் சொச்சம் மிச்சமிருக்கையில் டிரெவர் லிண்டன் சமன் செய்தார். கூடுதல் நேரத்திலும் முடிவில்லை, ஷூட்அவுட். ஒவ்வொருவராக வந்து கோல்கீப்பரைத் தனியாக எதிர்கொண்டு அடிப்பது.

கனடாவுக்காக வந்தவர்கள்: தியோ ஃப்ளூரி, ரே போர்க், ஜோ நியுவென்டைக், எரிக் லிண்ட்ரோஸ், பிரெண்டன் ஷானஹன். ஐந்து பேர், ஐந்தும் தடுக்கப்பட்டன. ஆட்டத்தின் மிகப் பெரிய நட்சத்திரமான வேய்ன் கிரெட்ஸ்கி பெஞ்சிலேயே இருந்தார், பயிற்சியாளர் அவரை அனுப்பவில்லை. செக் பக்கம் ராபர்ட் ரைஹெல் அடித்த ஒன்று போதுமானதாக இருந்தது. இறுதியில் ரஷ்யாவை 1-0 என்று வென்றார்கள், கோல் பெட்ர் ஸ்வோபொடா. கடைசி மூன்று ஆட்டங்களில் ஹாஷெக் விட்டது மொத்தம் இரண்டே கோல். செக் ஆண்கள் அணிக்கு ஒலிம்பிக் ஹாக்கித் தங்கம் இன்றுவரை அது ஒன்றுதான். பின்னர் ஒரு சிறுகோளுக்கே அவர் பெயரை வைத்தார்கள்.

இங்கே ஒரு விஷயம் சேர்க்க வேண்டும். அந்த 1997-98 பருவத்தின் தொடக்கத்தில் பஃபலோ ரசிகர்களே சொந்த மைதானத்தில் அவரைக் கூச்சலிட்டு அவமதித்தார்கள். முந்தைய பருவத்தின் பயிற்சியாளர் டெட் நோலன் திரும்பி வருவதை அவர் விரும்பவில்லை என்ற கோபம். நோலன் அந்த முந்தைய பருவத்தில் லீகின் சிறந்த பயிற்சியாளர் விருது வாங்கியவர், ரசிகர்களுக்குப் பிரியமானவர். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கலாம். ஹாஷெக் டிசம்பர் மாதத்தில் மட்டும் ஆறு ஷட்அவுட் (ஒரு கோலும் விடாத ஆட்டம்) ஆடினார். பருவம் முடியும்போது 13. கூச்சல் அடங்கிவிட்டது.

மூன்றாம்பீரியட்:

1999ஐ விட்டுவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. பஃபலோ இறுதிக்கு வந்தது, எதிரே டாலஸ். டாலஸின் வலையில் நின்றவர் எட் பெல்ஃபோர்! சிகாகோவில் யாருக்குப் பின்னால் உட்கார்ந்தாரோ அவரோடேயே கோப்பைக்கான போட்டி. 6ஆவது ஆட்டம் மூன்றாவது கூடுதல் நேரத்துக்குப் போனது. பிரெட் ஹல் அடித்த கோலில் டாலஸ் 2-1 என்று கோப்பையை வென்றது. ஹல்லின் ஸ்கேட், வலைக்கு முன்னால் கோல்கீப்பருக்கென்று உள்ள நீல வளையத்துக்குள் இருந்தது. அந்தப் பருவம் முழுக்க அப்படி விழுந்த கோல்களை வீடியோ பார்த்து ரத்து செய்துகொண்டிருந்தார்கள். ஹல் பக்கைத் தன் கட்டுப்பாட்டில் வைத்திருந்தார், அதனால் கோல் செல்லும் என்று லீக் விளக்கம் சொன்னது. அந்தக் கோடை முடிவதற்குள் அந்த விதியையே எடுத்துவிட்டார்கள். பஃபலோ ரசிகர்கள் இன்னும் அதை ஏற்றுக்கொள்ளவில்லை, நானும்தான்.

நீலக்கோடு:

நானும் அந்த கோலை ஏற்கவில்லை, ஆனால் அதைப் பேசத் தொடங்கினால் இழை திசைமாறிவிடும். அவருடைய பிற்பகுதிக்கு வருகிறேன்.

2001இல் டெட்ராய்ட் அவரை வாங்கியது. கொடுத்தது வியாசெஸ்லாவ் கொஸ்லோவையும் முதல் சுற்று டிராஃப்ட் வாய்ப்பையும். ஹாஷெக் வந்ததால் அங்கிருந்த கோல்கீப்பர் கிறிஸ் ஆஸ்குட் வெளியேற வேண்டியதாயிற்று. 2002 பிளேஆஃபின் மேற்குப் பிரிவு இறுதியில் கொலராடோவிடம் 3-2 என்று பின்தங்கியிருந்தபோது, ராய்க்கு எதிராக 2-0, 7-0 என்று தொடர்ந்து இரண்டு ஷட்அவுட். பிறகு கரோலினாவை வென்று முதல் ஸ்டான்லி கோப்பை. 37 வயதில் ஓய்வு அறிவித்தார்.

ஓய்வு ஒரு பருவம்தான் நீடித்தது. 2003இல் திரும்பி வந்தார், தொடை இடுக்குக் காயத்தால் 14 ஆட்டத்தோடு நின்றார். 2005-06இல் ஆட்டவாவில் அபாரமாக ஆடிக்கொண்டிருந்தவர், டூரின் ஒலிம்பிக்கின் முதல் ஆட்டத்திலேயே காயம்பட்டார். ஆட்டவா அவர் இல்லாமல் பிளேஆஃபில் பஃபலோவிடம் தோற்றது. பிறகு மீண்டும் டெட்ராய்ட். 2008 முதல் சுற்றில் நாஷ்வில்லில் 4ஆவது ஆட்டத்தில் அவரை வெளியே எடுத்தார்கள். உள்ளே வந்தவர் அணிக்குத் திரும்பியிருந்த ஆஸ்குட். அங்கிருந்து கோப்பை வரை ஆஸ்குட்தான் ஆடினார். ஹாஷெக்குக்கு இரண்டாவது கோப்பை பெஞ்சிலிருந்து கிடைத்தது.

2002லேயே நிறுத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று சிலர் சொல்வது எனக்குப் புரிகிறது.

பெனால்டிபெட்டி:

எனக்குப் புரியவில்லை. 2006-07இல் 42 வயதில் 38 வெற்றி, 8 ஷட்அவுட், அணியை மேற்கு இறுதிவரை கொண்டுபோனவர். அதை எதற்காக விட்டுக்கொடுக்க வேண்டும்? 28 வயது வரை இடம் கிடைக்காதவருக்கு 43 வயது வரை ஆட உரிமை இல்லையா?

என்.எச்.எல்.லோடு கதை முடியவும் இல்லை. 2009-10இல் பார்துபிட்சேக்குத் திரும்பினார், அந்த அணி செக் சாம்பியன் ஆனபோது அவருக்கு வயது 45. அடுத்த பருவம் ஸ்பார்டக் மாஸ்கோவுக்காக ஆடினார். 2012இல்தான் முழு ஓய்வு. 2014இல் ஹாக்கி புகழ் மன்றத்தில் சேர்த்தார்கள், 2015இல் பஃபலோ அவருடைய 39ஆம் எண்ணை வேறு யாருக்கும் கொடுப்பதில்லை என்று ஓய்வு கொடுத்தது.

வலைமுன்:

பெனால்டிபெட்டியோடு இந்த விஷயத்தில் முழுதாக ஒத்துப்போகிறேன். கோல்கீப்பருக்கு முதலில் போவது கண்ணோ கையோ இல்லை. இடுப்பும் தொடை இடுக்கும்தான். ஒரு ஆட்டத்தில் எத்தனை முறை முழங்கால் இறங்கி எழுகிறார்கள், பக்கவாட்டில் தள்ளிப் போகிறார்கள் என்று பாருங்கள். ஹாஷெக் ஆடிய விதத்தில் அந்தச் சுமை இன்னும் கூடுதல். அப்படியிருந்தும் .922 என்ற சேவ் சதவீதத்தோடு முடித்தார், 81 ஷட்அவுட். அந்தச் சதவீதத்தில் பின்னால் ஆடிய கடைசி ஆண்டுகளும் அடங்கும் என்பதை மறக்க வேண்டாம்.

புதுரசிகை:

எல்லோருக்கும் நன்றி. அவருடைய ஆட்டங்களைப் பார்க்க உட்காரப் போகிறேன். எதிலிருந்து தொடங்கலாம்?

வலைமுன்:

தடுப்புத் தொகுப்பு வீடியோக்களை முதலில் பார்க்காதீர்கள். உருள்வது மட்டும்தான் கண்ணில் படும். நாகானோ அரையிறுதியை முழுதாகப் பாருங்கள், ஷூட்அவுட்டை மட்டும் தனியாகப் பார்க்க வேண்டாம். பக் எதிர்ப் பக்கம் இருக்கும்போதும் கண்ணை அவர்மேலேயே வையுங்கள். ஷாட் வருவதற்கு முன்னால் எத்தனை முறை நகர்ந்து கோணத்தைச் சரிசெய்கிறார் என்று தெரியும். அப்புறம் 2002 மேற்கு இறுதியின் 6ஆவது ஆட்டம். 1994 ஆட்டத்தை ஒரு விடுமுறை நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள், அது 125 நிமிட ஆட்டம், இடைவேளைகள் தனி.